ஏழு கோடுகளைத் திருடியது யார்?

கண்ணாடிக் குழாயில் மிதந்த அளவுக் குச்சி இந்த முறையும் ஏழு கோடு கூடுதலாக மூழ்கித்தான் நின்றது.

சத்யபாமா முழங்காலில் கைகளை ஊன்றிக் குனிந்து, கண்ணை நீர்மட்டத்துக்கு நேராகக் கொண்டுவந்து பார்த்தாள். ஆயிரத்து ஐம்பது என்ற கோடு நீர்மட்டத்தைத் தொட வேண்டும். தொட்டுக்கொண்டிருந்தது ஆயிரத்து நாற்பத்துமூன்று. குச்சியை ஒரு சுண்டு சுண்டிச் சுழலவிட்டாள். அது சுழன்று, ஆடி, அடங்கி, பழைய இடத்திலேயே வந்து நின்றது.

"முறைச்சுப் பார்த்தா பயந்து மேல வந்துருமா, தங்கச்சி?" என்றார் இனாயத்துல்லா.

யாங்கூன் துறைமுகத்தில் நனைந்த சரக்கையும் நனையாத பொய்யையும் பிரித்துச் சொல்லும் காப்பீட்டு வேலையில் பல வருஷம் இருந்துவிட்டு, அதே ஊரில் லத்தா பேட்டையில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருப்பவள் சத்யபாமா. அதே காப்பீட்டு வேலையில் அவளுக்கு மூத்தவராக இருந்து ஓய்வு பெற்றவர் இனாயத்துல்லா. வீட்டில் இருந்தால் மனைவி வெங்காயம் உரிக்கச் சொல்கிறாள் என்று, இவளிடம் உதவியாளராகச் சேர்ந்துகொண்டார். மதுவைத் தொடாதவர். பீர் காய்ச்சும் அறைக்குள் வந்ததிலிருந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டே நின்றார்.

அறை அலோன் பேட்டையில், ஆற்றோரக் கிடங்குத் தெருவில், பிரேம்நாத் வீட்டின் கீழ்த்தளத்தில் இருந்தது. பிரேம்நாத்துக்குப் பிழைப்பு படகு இயந்திரங்களின் உதிரி பாகங்கள். பித்து, பீர். அதிலும் டப்பாவில் வரும் மால்ட் பாகை வாங்கித் தண்ணீரில் கரைப்பவர்களை அவர் மனிதர்களாகவே மதிப்பதில்லை. முளைகட்டிக் காயவைத்த பார்லியை, அதாவது மால்ட்டை, முழுத் தானியமாக வாங்கி, உடைத்து, ஊறவைத்து, வடித்து, காய்ச்சி, கறுத்த ஏல் வகை பீர் செய்வார். விற்பதில்லை. நண்பர்களுக்கு ஊற்றிக் கொடுத்து, அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

சத்யபாமாவைக் கூட்டிவந்தவள் அவர் மனைவி புஷ்பா. பெற்றோர் இல்லாத அவளுடைய தம்பி வடிவேல் இந்த வீட்டில்தான் இருக்கிறான். தானியம் வாங்குவதும் அரைப்பதும் அவன் பொறுப்பு. அவனுக்குப் பெண் பேசி, இன்று மாலை பெண் வீட்டார் உறுதி செய்ய வருகிறார்கள். பையன் பக்கத்துப் பெரியவராக உட்கார்ந்து பேச வேண்டியவர் பிரேம்நாத். அவரோ, மைத்துனன் மால்ட்டைத் திருடி விற்கிறான் என்கிறார்.

"பையன் எப்படின்னு என்னைத்தான் கேப்பாங்க, மா பாமா," என்றார் பிரேம்நாத், பர்மிய வழக்கப்படி மரியாதைக்கு 'மா' சேர்த்து. "நல்லவன்னு சொல்லணும். நான் பொய் சொல்றதில்ல. சாயங்காலத்துக்குள்ள அவன் திருடலைன்னு காட்டுங்க, வாயாரச் சொல்றேன். இல்லைன்னா பேசாம எந்திரிச்சுப் போயிருவேன்."

வடிவேல் அறையின் மறுகோடியில், அரவை இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தான். காலடியில் ஒரு பை. ஊர்க்கோடியில் ஷ்வேப்யிதாவில் ஓர் ஆலையில் தங்கி வேலை செய்ய ஏற்கெனவே ஏற்பாடு செய்துவிட்டானாம். அத்தான் இப்படிச் சொன்ன பிறகு கல்யாணம் எதற்கு என்று அக்காவிடம் மட்டும் சொல்லியிருக்கிறான்.

சத்யபாமா பிரேம்நாத்தைப் பொறுமையாக விளக்கச் சொன்னாள். அது அவருக்குத் தண்டனையே அல்ல. தானியத்துக்குள் இருப்பது மாவு. அதை ஒன்றிரண்டாக உடைத்து, கை பொறுக்காத வெந்நீரில், கொதிக்கவும் விடாமல் ஆறவும் விடாமல் ஊறவைத்தால், முளைவிட்டபோது தானியத்துக்குள் உண்டான பொருள் ஒன்று விழித்துக்கொண்டு மாவைச் சர்க்கரையாக்கிவிடும். அந்தச் சர்க்கரைச் சாற்றை வடித்துக் கொதிக்கவைத்து, கசப்புக்கு ஹாப்ஸ் என்ற பூவைப் போட்டு, குளிரவைத்து, ஈஸ்ட்டைத் தூவ வேண்டும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயமாக்கும். ஆகவே, தொடக்கத்தில் சாற்றில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்பதுதான் எல்லாமே.

அதை அளப்பதற்குத்தான் இந்தக் கண்ணாடி மிதவை. ஹைட்ரோமீட்டர் என்று பெயர். பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க மிதக்கவிடும் கருவிக்கு இது அண்ணன் முறை. கீழே ஈயக் குண்டுகள் நிரம்பிய குமிழ், மேலே கோடு போட்ட மெல்லிய தண்டு. உப்புத் தண்ணீரில் முட்டை மிதப்பதுபோல, சாற்றில் சர்க்கரை கூடக் கூட மிதவை மேலே எழும்பும். வெறும் தண்ணீரில் ஆயிரம் என்ற கோடு வரை மூழ்கும்.

"எப்ப இருந்து இறங்குது?" என்று சத்யபாமா கேட்டாள்.

தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னாலிருந்து என்றார். அதற்கு முன் எப்போதும் ஐம்பதுதான். அதே தானியம், அதே எடை, அதே தண்ணீர். இப்போது நாற்பத்துமூன்று. அது மட்டுமா, ஈஸ்ட் தின்று முடித்த பிறகு ஆயிரத்துப் பன்னிரண்டில் நிற்க வேண்டிய பீர் ஆயிரத்து ஐந்தில் நிற்கிறது. தலையும் மெலிவு, வாலும் மெலிவு என்று கையை விரித்தார்.

எடை சரி என்றால் திருட்டு எப்படி என்று இனாயத்துல்லா கேட்டார். அதற்கும் பிரேம்நாத்திடம் பதில் இருந்தது. பார்லியைக் கொஞ்சம் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நெல் உமியைக் கலந்து அரைத்தால் எடை அப்படியே இருக்கும். பார்லிக்கும் உமி உண்டு. அரைத்த பிறகு கண்ணால் பிரிக்க முடியாது. உமியிலிருந்து சர்க்கரை வராது.

சூட்டில் அளந்தால் கருவி தப்புக் காட்டுமே என்று சத்யபாமா ஒரு கல்லை எறிந்து பார்த்தாள். பிரேம்நாத் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். கருவி இருபது டிகிரிக்குச் செய்யப்பட்டது என்று அவருக்குத் தெரியாதா? மாதிரிச் சாற்றைக் குளிர்பெட்டியில் வைத்து, இருபதுக்குக் கொண்டுவந்துதான் அளக்கிறார். கரண்டு இல்லாத நேரத்திலும் பெட்டி ஓடுவதற்கு பாட்டரி கட்டியிருக்கிறார். வெப்பமானியைப் பனிக்கட்டித் தண்ணீரிலும் கொதிநீரிலும் வைத்துச் சரிபார்த்திருக்கிறார். அண்டாவில் சாற்றின் உயரமும் வழக்கமான உயரம்தான், தண்ணீர் கூடிவிடவும் இல்லை.

இனாயத்துல்லா இதற்குள் அறையைச் சுற்றிவந்திருந்தார். அரவை இயந்திரம், கேஸ் அடுப்பு, அதன் சிலிண்டர், எஃகு அண்டா, குளிர்பெட்டி என்று எல்லாவற்றின் நெற்றியிலும் கல் பதித்த சிவப்புப் பொட்டு மின்னியது. ஆயுத பூஜைக்கு வைத்தவை, இன்னும் உதிரவில்லை.

"எல்லாரும் பொட்டு வெச்சுக்கிட்டுத் தயாரா நிக்கறாங்க," என்றார் அவர். "சாயங்காலம் வர்றவங்க பார்க்க வர்றது வடிவேலையா, இந்த சிலிண்டரையா?"

முக்காலியில் இருந்தவனின் உதடு லேசாக அசைந்தது. அவ்வளவுதான். சத்யபாமா அவனிடம் போய், வடித்த பிறகு மிஞ்சும் சக்கையை என்ன செய்கிறாய் என்று கேட்டாள். பின் தெரு செல்லக்கண்ணு அண்ணனின் ஆடுகளுக்கு, ஒவ்வொரு தடவையும் தானே கொண்டுபோய்க் கொட்டுவதாகச் சொன்னான்.

"வாங்க பாய்," என்றாள் சத்யபாமா. "சாட்சியை விசாரிச்சுட்டு வரலாம்."

செல்லக்கண்ணு, கிடங்குகளுக்குப் பின்னால் இருந்த காலி மனையில் பனியனும் லுங்கியுமாக நின்று, ஆடுகளைப் பர்மியில் திட்டிக்கொண்டிருந்தார். தமிழில் திட்டினால் அவை கேட்பதில்லையாம். இன்று காலை வடிவேல் கொண்டுவந்த சக்கை தொட்டியில் இருக்கிறதா என்று கேட்டதற்கு, இருந்தது என்று இறந்தகாலத்தில் பதில் சொன்னார். தொட்டி துடைத்துவிட்டதுபோல் இருந்தது. ஓர் ஆடு அதன் மூலையை இன்னும் நக்கிக்கொண்டிருந்தது.

"எப்பவும் இப்படி மிச்சம் வைக்காமத்தான் திங்குமா?" என்று கேட்டாள்.

"வடிவேலு கொண்டாறதுன்னா அப்படித்தான். அரிசி மில்லுத் தவிடு வாங்கினேன்னு வைங்க, அதுல உமி கலந்திருக்கும். அமலே, அதை மட்டும் மூக்கால ஒதுக்கித் தொட்டி ஓரத்துல குவிச்சிரும். என் பொஞ்சாதிகூட அரிசியில அவ்வளவு சுத்தமா கல்லு பொறுக்க மாட்டா."

சத்யபாமா தொட்டியின் நான்கு ஓரங்களையும் விரலால் தடவினாள். விரலில் ஈரம் மட்டும் ஒட்டியது. தரையிலும் உமி இல்லை. தீபாவளியிலிருந்து ஒரு தடவையாவது ஒதுக்கி வைத்ததா என்று கேட்டாள். ஒரு தடவையும் இல்லை என்று செல்லக்கண்ணு சத்தியம் செய்தார். ஆட்டின் தலையில் கைவைத்துத்தான் செய்தார்.

திரும்பும் வழியில் அவளுக்கு நடை கனத்தது. உமி இல்லை. ஆகவே பார்லி முழுசாகத்தான் அண்டாவுக்குள் போயிருக்கிறது. வடிவேல் எடுக்கவில்லை. ஆனால் இதை வைத்துக்கொண்டு பிரேம்நாத்திடம் போனால், சர்க்கரை எங்கே என்று கேட்பார். ஆடுகளின் வாக்குமூலத்தை நம்பிச் சம்பந்தம் பேசுகிற மனிதர் இல்லை அவர்.

"எனக்கு அந்தத் திருடனைப் பார்க்கணும்போல இருக்கு, தங்கச்சி," என்றார் இனாயத்துல்லா. "நம்ம வேலையில எத்தனை திருடனைப் பார்த்திருக்கோம். ஒருத்தனாவது ஒரே அளவா எடுத்திருக்கானா? இவன் ஆரம்பத்துலயும் ஏழு எடுக்கறான், முடிவுலயும் ஏழு எடுக்கறான். நாற்பத்துமூணு, ஐம்பது. அஞ்சு, பன்னெண்டு. இவனை ஏதாவது பள்ளிவாசல் கமிட்டியில கணக்குப் பார்க்கச் சொல்லலாம்."

சத்யபாமா நடுத்தெருவில் நின்றுவிட்டாள். பின்னால் வந்த சைக்கிள் ரிக்ஷாக்காரர் மணியடித்து, திட்டி, சுற்றிக்கொண்டு போனார்.

"பாய், ஈஸ்ட் எவ்வளவு திங்கும்?"

"என்னைக் கேட்டா?"

"ஐம்பதுல ஆரம்பிச்சுப் பன்னெண்டுல முடியுது. நாலுல மூணு பங்குக்கு மேல தின்னுடுது. அப்ப, சர்க்கரை நெசமாவே ஏழு கோடு குறைஞ்சிருந்தா, அந்த ஏழுலயும் பெரும்பங்கு அது எப்படியும் தின்னிருக்க வேண்டியதுதான். கடைசியில ரெண்டு கோடுகூடக் குறையாது. பத்துல நிக்கணும். அஞ்சுல எப்படி நிக்கும்?"

இனாயத்துல்லா தாடியைத் தடவினார். அவருக்குக் கணக்கு பிடித்திருந்தது. திருடன் முதலில் ஒரு தடவை திருடிவிட்டு, ஈஸ்ட் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து, எச்சில் இலையிலும் கைவைத்திருக்கிறான் என்றாகிறது. அப்படி ஒருவன் இருக்க முடியாது.

"ஐம்பதுல பன்னெண்டு போனா முப்பத்தெட்டு," என்றாள் சத்யபாமா. "நாற்பத்துமூணுல அஞ்சு போனாலும் முப்பத்தெட்டு. ஈஸ்ட் தின்னது அதே அளவு. அப்ப பீரோட போதை பழைய போதைதான். சர்க்கரை எங்கயும் போகலை, பாய். துணி சரியா இருக்கு. முழக்கோல்தான் தப்பு."

அவள் வேகமாக நடந்தாள். அவர் லுங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார்.

அறைக்குள் நுழைந்ததும் அவள் கேட்டது ஒரு குவளை வெறும் தண்ணீர், வடிகட்டியது, குளிர்பெட்டியில் வைத்து இருபது டிகிரிக்குக் கொண்டுவந்தது. பிரேம்நாத் சலித்துக்கொண்டார். இந்த மிதவையை வாங்கிய அன்றே தண்ணீரில் விட்டுப் பார்த்தாகிவிட்டது, துல்லியமாக ஆயிரம் காட்டியது, கண்ணாடி என்ன, வளருமா தேயுமா என்றார். ஆனாலும் தண்ணீர் வந்தது. வெப்பமானி இருபது என்றது. கண்ணாடிக் குழாயைக் கழுவி, அதில் தண்ணீரை ஊற்றி, அவரையே மிதவையை விடச் சொன்னாள்.

மிதவை மூழ்கியது. ஆயிரம் என்ற கோடு நீர்மட்டத்துக்கு வந்து, அங்கே நிற்காமல், உள்ளே போய்விட்டது. மேலும் இறங்கி, தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றுமூன்றில் நின்றது.

பிரேம்நாத் குனிந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். தண்ணீரில் சர்க்கரை ஏழு கோடு குறைந்திருக்கிறது என்று இனாயத்துல்லா மெதுவாகச் சொன்னார். குழாய்த் தண்ணீரிலிருந்து யார் திருடினார்கள் என்று விசாரிக்க வேண்டும் என்றார்.

தண்டுக்குள் கோடு போட்ட தாள் நழுவியிருக்கும் என்று பிரேம்நாத் முனகினார். சத்யபாமா மிதவையை எடுத்து விரலால் தட்டினாள், கவிழ்த்தாள், உதறினாள். தாள் அசையவில்லை. பசை கெட்டியாக இருந்தது. அப்படியானால் மிதவைக்கே கனம் கூடியிருக்க வேண்டும். ஈர மிதவையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, தண்டிலிருந்து கீழே கீழே பார்த்துக்கொண்டு வந்தவள், குமிழின் அடியில் வந்து நின்றாள்.

அங்கே, ஈயக் குண்டுகளை மறைத்துக்கொண்டு, நடுவில் வெள்ளைக் கல்லும் சுற்றிலும் சின்னச் சின்னக் கற்களுமாக, ஒரு சிவப்புப் பொட்டு மின்னியது.

எல்லாரும் பார்த்த பொட்டுதான் அது. அண்டாவில் இருந்தது, அடுப்பில் இருந்தது, சிலிண்டரில் இருந்தது. எல்லாவற்றிலும் இருந்ததால் எதிலும் கண்ணில் படவில்லை. கறுத்த சாற்றுக்குள் மூழ்கிவிட்டால் சுத்தமாகவே தெரியாது. சத்யபாமாவுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. அவள் சைக்கிளின் முன்விளக்கிலும் ஒன்று இருக்கிறது. ஆயுத பூஜைப் பொட்டைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது கருவியின் தோலாகவே ஆகிவிடுகிறது.

லபேயே என்ற பால்தேநீர் நிரம்பிய கோப்பைகளைத் தட்டில் வைத்துக்கொண்டு வாசலில் நின்ற புஷ்பா, தட்டை அண்டா மூடியின் மேல் வைத்தாள்.

"நான்தான் வெச்சேன்," என்றாள். "போன வருஷம் சந்தனம் குங்குமம் வெச்சேன். உதிர்ந்து பீருக்குள்ள விழுந்துருச்சுன்னு ஒரு வாரம் கத்தினீங்க. இந்த அறைக்குள்ள எதுவும் உதிரக் கூடாதுன்னு சொன்னது நீங்க. அதான் ஒட்டுப்பொட்டு. கழுவினா போயிருமேன்னு, கெட்டியான பசை போட்டு ஒட்டினேன். உங்க கண்ணாடியை மட்டும் எப்படி வெறும் நெத்தியா விடறது? அதைத்தானே கொஞ்சிக்கிட்டே இருக்கீங்க. அதுக்குன்னு பெரிய பொட்டா தேடி எடுத்தேன்."

சத்யபாமா பிளேடு கேட்டாள். பொட்டை விளிம்பிலிருந்து நெம்பி, காய்ந்த பசையையும் சுரண்டி எடுத்தாள். உள்ளங்கையில் வைத்தால் கனமே தெரியவில்லை. ஆனால் மிதவை என்பது தன் கனத்துக்குச் சமமான தண்ணீரைத் தள்ளிக்கொண்டு நிற்கிற பொருள். அதன் தண்டு பென்சிலைவிட மெல்லியது. நாலைந்து அரிசியின் கனம் கூடினாலும், அதை ஈடுகட்ட அந்த மெல்லிய தண்டு விரல் பருமனுக்கு உள்ளே இறங்கியாக வேண்டும். எந்தத் திரவத்தில் விட்டாலும் கிட்டத்தட்ட அதே இறக்கம். அதனால்தான் தலையிலும் ஏழு, வாலிலும் ஏழு, தண்ணீரிலும் ஏழு.

பொட்டில்லாத மிதவை தண்ணீரில் ஆயிரத்தில் நின்றது. அதைத் துடைத்து, காலையில் எடுத்த சாற்றில் விட்டார் பிரேம்நாத். அது ஆடி அடங்கி ஆயிரத்து ஐம்பதில் நின்றபோது, அவர் முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம். அடுத்து வந்தது வேறு.

அவர் திரும்பி, கண்ணாடியின் கனத்தைப் பற்றியும் தண்டின் பருமனைப் பற்றியும் வடிவேலுக்கு விளக்க ஆரம்பித்தார். நல்ல விளக்கம். அவன் பையின் வாரைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"அதெல்லாம் அப்புறம்," என்றாள் புஷ்பா. "சொல்ல வேண்டியதை முதல்ல சொல்லுங்க."

பிரேம்நாத் நிறுத்தினார். மிதவையைப் பெட்டிக்குள் வைத்தார், வெளியே எடுத்தார்.

"தப்பு என்னோடது, மச்சான்," என்றார். "உன் வேலையை நான் சந்தேகப்பட்டேன். என் கருவியைச் சந்தேகப்படணும்னு தோணவே இல்லை. இன்னிக்கு அவங்க கேட்டா, கேக்காட்டியும், நான் சொல்றேன். இருந்துருடா."

வடிவேல் பையைக் காலால் முக்காலிக்கு அடியில் தள்ளினான். இனாயத்துல்லா இரண்டு கோப்பை எடுத்து, ஒன்றை அவன் கையில் கொடுத்தார். இந்த அறையில் தான் குடிக்கக்கூடியது இது ஒன்றுதான், அதையும் யாராவது அளந்து பார்ப்பதற்குள் குடித்துவிடலாம் என்றார்.

"இருக்கேன் அத்தான்," என்றான் வடிவேல். "ஆனா இனிமே ஒவ்வொரு தடவையும், என் எதிர்லயே, இந்தக் கண்ணாடியை முதல்ல வெறும் தண்ணியில விடணும். இருபது டிகிரி தண்ணியில ஆயிரம் காட்டுச்சுன்னா, அப்புறம் சாத்துல விடுங்க. காட்டலைன்னா கண்ணாடியைக் கழுவிப் பாருங்க, என்ன ஒட்டியிருக்குன்னு பாருங்க, கடைசியா என்னைக் கூப்பிடுங்க." பிறகு அக்காவைப் பார்த்தான். "பொட்டை அதோட பெட்டி மேல வெச்சுக்க, அக்கா. பெட்டி மிதக்க வேண்டியதில்ல."